என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள்

நீரிழிவு கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் மூன்றாவது அல்லது நான்காவது கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: "உடற்பயிற்சி ஏதாவது செய்கிறீர்களா?" யாழ்ப்பாணத்தில் கேட்கிறார்கள், சென்னையில் கேட்கிறார்கள், நான் வாழும் லண்டனிலும் கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்த பெண் அதற்கு "இல்லை" என்கிறாள். துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்று சேலை விரித்துக் காட்டுகிறவர் "எங்கே நேரம்?" என்கிறார். கொத்தனார் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போகிறார். தாளில் "உடற்பயிற்சி இல்லை" என்று பதிவாகிறது. அந்தப் பதிவையும் வைத்துத்தான் அவர்களுக்கு எவ்வளவு இன்சுலின் என்று முடிவாகிறது. இந்த வழக்கம் பிழையானது, சிலருக்கு ஆபத்தானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் லண்டனில் தபால்காரன். நகரத்தின் வடமேற்கே ஹரோ பக்கத்துத் தெருக்களில் கடிதமும் பொதியும் கொடுப்பது என் தொழில். காலையில் நிலையத்தில் நின்றபடி வீட்டு இலக்கப்படி கடிதங்களை அடுக்குவோம். ஒன்பதரை மணிபோல் வெளியே இறங்கினால் பிறகு நான்கைந்து மணி நேரத்துக்குக் கால் ஓயாது. தோளில் பை. படலையைத் திறந்து, படியேறி, கதவுத் துவாரத்தில் கடிதத்தைத் தள்ளி, இறங்கி வந்து, படலையைச் சாத்தி, அடுத்த வீடு. பல நாட்களில் அந்த நடை பதினைந்து கிலோமீட்டரைத் தொடும். முதலாம் வகை நீரிழிவு எனக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. இந்த வகையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடும். குளிசையால் சமாளிக்க முடியாது, வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றினால்தான் உயிர். என் மருத்துவக் கோப்பில் வருடக்கணக்காக "ஒழுங்கான உடற்பயிற்சி இல்லை" என்றுதான் எழுதியிருந்தது.

தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கும் சீனியை இன்சுலினின் துணையில்லாமலே உள்ளே இழுத்துக்கொள்ளும். சுகதேகிகளுக்கு அந்த நேரத்தில் கணையம் தானாகவே இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. தோலுக்கடியில் போட்ட இன்சுலினை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அது தன்பாட்டுக்கு வேலை செய்யும், தசை தன்பாட்டுக்கு இழுக்கும், சீனி மளமளவென்று இறங்கும். லீற்றருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே, நம் நாட்டுக் கணக்கில் 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், எதிரில் நிற்பவர் சொல்வது விளங்காது. இன்னும் இறங்கினால் மயக்கம். வேலை முடிந்தாலும் கதை முடியாது. ஒரு நாள் வரைக்கும் தசை தன் கையிருப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும், உடலும் அந்த நேரத்தில் இன்சுலினுக்குக் கூடுதலாக மசியும். பகலில் பட்ட பாடு நள்ளிரவுக்குப் பிறகு 'லோ'வாக, அதாவது சீனிக் குறைவாக, வந்து எழுப்பும். பூங்காவில் ஓடிய ஓட்டமா, பிழைப்புக்காக நடந்த நடையா என்று தசை பார்ப்பதில்லை.

இப்போது என் கையில் இருப்பது ஆம்னிபாட் எனப்படும் ஒட்டுப் பம்ப். நெருப்புப்பெட்டி அளவுதான் இருக்கும். இன்சுலின் ஏற்றாதபோது 26 கிராம் எடை. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நான் மாற்றுவது. ஊசிக்குழாயில் இன்சுலினை இழுத்து, பம்பின் அடிப்பக்கத் துளை வழியாக ஏற்றினால் அது இரண்டு முறை ஒலித்துத் தான் விழித்துவிட்டதைச் சொல்லும். பின்பக்கத் தாளை உரித்துத் தோலில் ஒட்டி, கைக்கருவியில் 'தொடங்கு' என்பதை அழுத்தினால் உள்ளே டிக் டிக் என்று சில நொடி கேட்கும். பிறகு படாரென்று ஒரு சொடுக்கு. ஊசி உள்ளே போய், மெல்லிய மென்குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் விட்டுவிட்டுத் திரும்பிவிடும். பம்பின் மேலே ஒரு சின்ன இடத்தில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் குழாய் சரியாக இறங்கிவிட்டது. இத்தனை வருடம் ஊசி போட்டுப் பழகியவனுக்கும் அந்தச் சொடுக்குக்கு முன் தோள் ஒருமுறை விறைத்துத்தான் அடங்குகிறது.

இது இந்த அளவுக்குச் சுருங்கி வந்த வரலாறு நீண்டது. 1960களில் லொஸ் ஏஞ்சலிஸில் ஆர்னல்ட் கடிஷ் என்ற மருத்துவர் செய்த முதல் பம்பை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. உடலில் அணிந்தபடி தோலுக்கடியில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் முறையை 1978இல் மருத்துவ உலகுக்குக் காட்டியது ஜோன் பிக்கப், ஹரி கீன் முதலானோரின் குழு. அவர்கள் வேலை செய்தது இதே லண்டனில், கைஸ் மருத்துவமனையில். குழாயே இல்லாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பம்பைச் செய்வதற்காக அமெரிக்காவில் 2000இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்சுலெட். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரின் சின்ன மகனுக்கு முதலாம் வகை நீரிழிவு. 2005இல் அந்தப் பம்புக்கு அங்கே அனுமதி கிடைத்தது. சீனியை அளக்கும் சென்சரோடு பேசித் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளை முதலாம் வகைக்காரர்களில் பெரும் பகுதியினருக்கு அரச செலவில் கொடுக்கலாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலில் இருந்து தேசிய சுகாதார சேவை படிப்படியாகக் கொடுத்துவருகிறது. இந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்லும் காரியங்களில் இது முன்னால் நிற்கிறது. கையில் பணமில்லாத தொழிலாளிக்கும் கிடைக்கிறது என்பதுதான் இதன் பெருமை.

குழாய் வைத்த பம்புகளும் இருக்கின்றன. எனக்கு அது சரிவராது. படலைக் கொளுக்கி, பையின் பட்டி, வாகனக் கதவு என்று குழாய் மாட்டிக்கொள்ள என் தொழிலில் ஆயிரம் இடம். ஒட்டுப் பம்புக்கும் ஒரு குறை உண்டு. குழாய்ப் பம்பைக் குளிக்கவோ பந்து விளையாடவோ சற்று நேரம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டலாம். இதைக் கழற்றினால் கழற்றியதுதான், குப்பைக்குத்தான் போகும். உள்ளே மிச்சமிருந்த இன்சுலினும் போகும். பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும் என்பதால், பம்ப் கழன்று விழுந்த சில மணி நேரத்தில் உடலில் இன்சுலினே இல்லாமல் போய்விடும். அதனால் பையில் எப்போதும் ஓர் இன்சுலின் பேனா, இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் கூடும் கீற்றோனைப் பார்க்கும் பட்டிகள், குளுக்கோஸ் வில்லைகள். மழைக்கும் குளியலுக்கும் பயமில்லை, நீருக்குள் ஏழு மீற்றர் வரை ஒரு மணி நேரம் தாங்கும்.

எந்த இடத்தில் ஒட்டுவது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கையேட்டில் வயிறு, மேற்கையின் பின்பக்கம், தொடை, கீழ் முதுகு என்று படம் போட்டிருக்கும். தொடையில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக நடந்தால் அங்கே இரத்த ஓட்டம் கூடி இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக ஏறும் என்பது படத்தில் தெரியாது. வேலை நாட்களில் எனக்குத் தொடை ஆகாது. பைப் பட்டி இடது தோளில் என்றால் பம்ப் வலது கையில். கீழ் முதுகில் வைத்தால் இடுப்புப் பட்டிக்கு மேலே நான்கு விரல் தள்ளி. கையில் ஒட்டுபவர்கள் கதவு நிலைகளில் இடிபடாமல் நடக்கப் பழக வேண்டும். வெயில் காலத்தில் வியர்வையில் ஒட்டு ஓரம் கிளம்பும், மேலே இன்னொரு ஒட்டு போட வேண்டும். 2022 ஜூலையில் இங்கிலாந்து முதல்முறையாக 40 பாகை வெப்பத்தைக் கண்டபோது அந்த வாரம் முழுவதும் தெருவின் நிழல் பக்கமாகவே கடிதம் கொடுத்தேன். இன்சுலின் சூட்டில் கெடும். இதையெல்லாம் தெருதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. கிளினிக்கில் முன்னரே பத்து நிமிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் பாதியை அவர்களே சொல்லியிருக்கலாம்.

சென்சர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீனியின் அளவைச் சொல்லும். அடுத்த ஒரு மணி நேரத்தில் சீனி எங்கே போய் நிற்கும் என்று பம்ப் கணக்குப் பார்த்து இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். அது ஒரு தடவையில் விடும் ஆகச் சிறிய துளி ஓர் அலகில் இருபதில் ஒரு பங்கு. நித்திரையில் இந்தக் கருவி செய்யும் உதவியை என்னால் சொல்லி முடிக்க முடியாது. நடுச்சாமத்தில் எழுந்து வியர்த்துப்போய்ச் சமையலறையில் நின்ற காலம் எவ்வளவோ குறைந்துவிட்டது. என் மனைவியும் விடியும்வரை கண்ணை மூடுகிறாள்.

ஆனால் ஒன்பதரைக்கு நான் நடக்கப் போகிறேன் என்பது பம்புக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். அதற்கென்று அதில் ஒரு செயற்பாட்டு நிலை இருக்கிறது. அதைப் போட்டால் இலக்கு 8.3க்கு, நம் கணக்கில் 150க்கு உயரும். இன்சுலினும் குறையும். எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் நாமே குறிக்கலாம். நடக்கத் தொடங்கும்போது போட்டால் பயன் குறைவு. ஏற்கெனவே தோலுக்கடியில் போன இன்சுலின் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்யும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னரே போட வேண்டும். எனக்கு அது கடிதம் அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம், எட்டு மணிபோல.

சாப்பாட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய ஊசிக் காலத்தில், நடக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு துண்டு பாண் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் அது கைகொடுக்கும். இந்தக் கருவியோடு அதே வேலையைச் செய்தால் எதிர்மாறாகும். சீனி ஏறுவதைச் சென்சர் பார்த்துவிடும், பம்ப் உடனே இன்சுலினை விட்டுவிடும், அந்த இன்சுலின் சரியாக நான் மேட்டுத் தெருவில் ஏறும் நேரத்தில் வந்து கடிக்கும். அதனால் இப்போது காலைச் சாப்பாடு வெள்ளெனவே முடிந்துவிடும். கூடுதலாக ஏதும் வேண்டுமென்றால் முதல் படலையைத் திறக்கும்போதுதான் வாயில் போடுவது. லோ வந்தாலும் முன்போல் பெரிய போத்தல் இனிப்புப் பானம் தேவையில்லை. பம்ப் ஏற்கெனவே இன்சுலினைக் குறைத்து வைத்திருக்கும், 5 முதல் 10 கிராம் குளுக்கோஸ் பெரும்பாலும் போதும். இந்த அளவுகள் என் உடலுக்கும் என் தாதி சொன்னதற்கும் பொருந்தியவை. மற்றவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

என் மனத்தாங்கல் இந்தச் செயற்பாட்டு நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. ஓய்வு நேரத்தில் ஓடுகிற, சைக்கிள் விடுகிற, ஜிம்முக்குப் போகிற மனிதரை நினைத்துத்தான் அது அமைந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடுவார், வந்து குளிப்பார், பழைய நிலைக்குத் திரும்புவார். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம், தோளில் சுமையோடு நடக்கிறவனை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை எனக்கு நடை என்று முன்கூட்டியே குறித்து வைக்க என் கருவியில் வழியில்லை. ஒவ்வொரு நாளும் நினைத்து நினைத்து அழுத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. புதுப் பம்ப் ஒவ்வொன்றும், போன நாட்களில் மொத்தம் எவ்வளவு இன்சுலின் போனது என்பதை வைத்துத் தன்னைத் திருத்திக்கொண்டு தொடங்கும். இரண்டு கிழமை விடுமுறையில் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினால், அது படித்து வைத்திருப்பது ஓய்ந்திருந்த உடலை. டிசம்பர் வந்தால் நத்தார்ப் பொதிகளால் சுமை இரட்டிப்பாகும், அதையும் அது பிந்தித்தான் அறியும். வேலை நாட்காட்டி ஒன்றைக் கருவியில் சேர்ப்பது இவ்வளவு நுட்பம் தெரிந்த பொறியியலாளர்களுக்குப் பெரிய காரியம் அல்ல. கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்கும் இடத்தில் ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள், எங்களைப் போன்றவர்கள் இல்லை.

இதில் எனக்கு வருத்தம் தரும் ஒரு வரலாறு உண்டு. உடல் அசைவு நோயைத் தடுக்கும் என்பதை அறிவியல் ஒழுங்காகக் கண்டுகொண்டதே தொழிலாளிகளைப் பார்த்துத்தான். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில் லண்டனின் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் சாரதிகளைவிட, ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. கடிதம் கொண்டு நடந்த தபால்காரர்களையும், அதே தபால் சேவையில் உட்கார்ந்து வேலை செய்த எழுதுவினைஞர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் நடந்தவர்களுக்கே நோய் குறைவு. என் தொழிலின் முன்னோர்கள் லண்டன் தெருக்களில் நடந்த நடைதான் இன்று உலகம் முழுதும் டொக்டர்மார் "நடவுங்கள்" என்று சொல்வதற்கு அத்திவாரம். அந்த அறிவை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட மருத்துவம், எழுபது வருடம் கழித்து ஒரு தபால்காரனின் கோப்பில் "உடற்பயிற்சி இல்லை" என்று எழுதுகிறது. வேலையில் படும் உடலுழைப்பு இதயத்துக்கு ஓய்வுநேர உடற்பயிற்சி அளவுக்கு நன்மை செய்யுமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், அது அவர்கள் தீர்க்க வேண்டியது. இன்சுலின் கணக்கில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. சீனி இறங்குகிறது.

என் பாதையில் நம்மவர் வீடுகள் நிறைய. ஒரு வெயில் நாளில் அரைக்கைச் சட்டையோடு பொதியொன்றை நீட்டிக்கொண்டு நின்றபோது, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உதென்ன கையில ஒட்டி வைச்சிருக்கிறியள்?"

சொன்னேன். தனக்கும் சீனி வருத்தம்தான், காலையும் இரவும் ஊசி போடுகிறேன் என்றார். அவருக்கு இரண்டாம் வகை. பிறகு தானாகவே சொன்னார்:

"வெள்ளிக்கிழமையெண்டால் ஏனோ பின்னேரம் நடுக்கம் வருது. டொக்டருக்கும் விளங்கேல்லை."

"வெள்ளிக்கிழமை என்னம்மா செய்யிறனீங்கள்?"

"கோயிலுக்குப் போறனான். மடைப்பள்ளியில மரக்கறி வெட்டி, அண்டா கழுவி, கூட்டிக் கழுவிவிட்டு வர ரெண்டு, ரெண்டரையாகும்."

"அதை டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"அவர் எக்சர்சைஸ் செய்யிறனீங்களோ எண்டுதானே கேட்டவர். இந்த வயசில நான் என்னத்தைச் செய்ய? இல்லையெண்டு சொல்லிட்டன்."

ஒரு கிழமைக்கு என்னென்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்குச் சீனி எவ்வளவு என்று மகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை தாதியிடம் கொடுக்கச் சொன்னேன். சில மாதம் கழித்துக் கண்டபோது, வெள்ளிக்கிழமைக் காலை ஊசியை மட்டும் தாதி குறைத்துவிட்டதாகவும், பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிடச் சொன்னதாகவும் சொன்னார். நடுக்கம் நின்றுவிட்டது. அந்தத் தாளில் மற்ற நாட்களில் இருந்தவற்றையும் நினைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது, உடுப்புக் கூடையோடு மாடிப்படி ஏறுவது, நாலு பேருக்கு இடியப்பம் பிழிவது. இத்தனையும் செய்கிற பெண் தன்னை உடலுழைப்பு இல்லாதவள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டுப் பெண்களை நாம் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம். மருத்துவமும் அதே கணக்கில் நிற்பதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

வழிபாட்டிலும் உடலுக்கு வேலை உண்டு. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் ஓகஸ்ட் மாதத்தில் வரும். காலையிலிருந்து விரதம், வெறுங்கால், வெறும் மேலோடு வேட்டி. வடம் பிடித்து மணிக்கணக்காகத் தெருவில் இழுத்துப் போவோம். என் கையில் இருக்கும் பம்பும் சென்சரும் அன்று எல்லோர் கண்ணிலும் படும். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. கேட்கிற பிள்ளைகளுக்கு நின்று விளக்கம் சொல்வேன். முக்கியமானது வேறு. வெறும் வயிறு, வெயில், வடம் இழுக்கும் பாரம், எல்லாம் முடிந்து சர்க்கரைப் பொங்கல். சீனி கடகடவென்று இறங்கவும் பிறகு சடாரென்று ஏறவும் இதைவிட வேறென்ன வேண்டும்? செயற்பாட்டு நிலையை வீட்டிலேயே போட்டுவிட்டுத்தான் புறப்படுவேன். குளுக்கோஸ் வில்லைகள் வேட்டி மடிப்பில். விரதத்தை வில்லை முறிக்குமா என்று கேட்டால், அம்மாளுக்கு என் உடல்நிலை தெரியும் என்பேன். தூக்குக்காவடி எடுக்கிறவர்கள், அங்கப்பிரதட்சணை செய்கிறவர்கள், பாதயாத்திரை போகிறவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! திருவிழாக் காலத்துக்கு முன் கிளினிக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம்.

வேலைத்தலத்தில் மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் பிரெஞ்சு ஓபன் டென்னிஸில், முதலாம் வகை நீரிழிவுள்ள அலெக்சாண்டர் ஸ்வெரேவ் ஆட்டத்துக்கிடையே மைதானத்தில் ஊசி போட முதலில் தடை இருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். உலகமே பேசியது, பிறகு அனுமதித்தார்கள். அவருக்குக் குரல் இருந்தது. வேலை நேரத்தில் கருவியைப் பார்த்தால் தொலைபேசி பார்க்கிறான் என்று நினைக்கும் மேற்பார்வையாளரிடம், சாமான் அடுக்குகிற பையன் என்ன சொல்வான்? பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் எங்களுக்கு நியாயமான ஏற்பாடுகளைக் கேட்கும் உரிமை உண்டு. கருவியைப் பார்க்க, சீனி சாப்பிட, பத்து நிமிடம் உட்கார. கேட்க வேண்டும். கேட்காமல் ஒளித்து வைத்து மயங்கி விழுந்தவர்கள் நம்மவரில் இருக்கிறார்கள்.

பம்ப் இருப்பவன் பம்பைப் பற்றிப் பேசுகிறான், எங்களுக்கென்ன என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். வவுனியாவில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கும் முதலாம் வகைதான். அவளுக்குப் பம்ப் இல்லை. அரச ஆஸ்பத்திரி இலவசமாகக் கொடுக்கும் கலவை இன்சுலினைக் காலையும் மாலையும் போடுகிறாள். வலைப்பந்து நன்றாக விளையாடுவாள். வருத்தம் தெரிந்ததும் பாடசாலையில் பயந்துபோய் அவளைப் புள்ளி எழுத உட்கார வைத்துவிட்டார்கள். அக்காவும் அதற்குச் சம்மதித்துவிட்டாள், தாய் மனது. நான் தொலைபேசியில் கதைத்துக் கதைத்து டொக்டரிடம் இந்த ஒன்றையே கேட்க வைத்தேன்: பயிற்சி பின்னேரம் மூன்று மணிக்கு, என்ன செய்யலாம்? அவர் பயிற்சி நாட்களுக்கென்று காலை ஊசியைத் தனியாகக் குறைத்துக் கொடுத்தார். பயிற்சிக்கு முன் பிஸ்கற், இடையில் ஒருமுறை விரல் குத்திப் பார்ப்பது, அன்று இரவு படுக்குமுன் கட்டாயம் பார்ப்பது. பயிற்றுவிக்கும் ஆசிரியையின் பையில் சீனி ஒரு பொட்டலம். அவ்வளவுதான். இப்போது விளையாடுகிறாள். 1997இல் நீரிழிவு தெரிந்த வாசிம் அக்ரம் அதற்குப் பிறகும் ஆடி, 2003 உலகக் கிண்ணத்தில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட்டைத் தாண்டினார் என்று ஆசிரியைக்குச் சொன்னது அக்காதான், நான் இல்லை.

பம்புக்கு விலையுண்டு. நம் நாடுகளில் சாதாரண குடும்பத்துக்கு அது எட்டாத விலை. அதை அரசுகளிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது இன்னொரு கட்டுரைக்கு உரியது. நான் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. கிளினிக் தாளில் உடற்பயிற்சிக்கு மேலே இன்னும் சில வரிகள் வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள்? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? அதில் நடப்பது, சுமப்பது, நிற்பது எவ்வளவு? எந்த நாள் ஓய்வு? வீட்டு வேலை யார் செய்வது, கோயில், வயல், கடை என்று வேறு உழைப்பு உண்டா? இரவு வேலை உண்டா? இவற்றை டொக்டர்தான் கேட்க வேண்டும் என்றில்லை, வரிசையில் காத்திருக்கும்போது தாதியோ தொண்டரோ கேட்டு எழுதிவிடலாம். ஒட்டுப் பம்ப் கொடுக்கும் கிளினிக்குகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, எங்கே ஒட்டுவது, செயற்பாட்டு நிலையை எத்தனை மணிக்குப் போடுவது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்கலாம். என்னைப் பார்க்கும் தாதி போன வசந்தத்தில் என் கோப்பைத் திறந்து பழைய வரியை அழித்துவிட்டு, தொழில்: தபால்காரர், வேலை நாட்களில் நான்கு மணி நேரத்துக்கு மேல் சுமையோடு நடை என்று எழுதினார். அதற்குக் கீழே வேலை நாளுக்கு ஒரு கணக்கும் ஓய்வு நாளுக்கு ஒரு கணக்கும் போட்டுத் தந்தார்.